பெருநீரகம்

பத்து வயதில் நான் மனித உடம்பில் ஒரு புதிய உறுப்பைக் கண்டுபிடித்தேன். அதற்குப் பெயரும் நானே வைத்தேன். ஏறத்தாழ நான்கு வருடம் அந்த உறுப்பு எங்கள் வீட்டில் ஒரு தடையும் இல்லாமல் வேலை செய்தது. எங்கள் வளவுக்குள்ளேயே விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியை ஒருவர் குடியிருந்தும் யாரும் அதை மறுக்கவில்லை.

அந்த ஆசிரியை என் மாமி, அப்பாவின் ஒரே தங்கை. கொக்குவிலில் எங்கள் வீட்டுக்கும் மாமியின் வீட்டுக்கும் நடுவில் ஒரு கிணறும் ஒரு முருங்கை மரமும்தான். மாமி கலியாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்த இடங்களில் எல்லாம் ஏதாவது பிழை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினாராம். பிழை பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வீட்டுக்கு வருகிற கலியாணக் கார்ட்டைக்கூட முதலில் சிவப்புப் பேனையால் திருத்திவிட்டுத்தான் திகதியைப் பார்ப்பார். ஒருமுறை சந்தியில் இருக்கிற சைக்கிள் கடைப் பலகையில் ஒற்று ஒன்று விடுபட்டிருந்ததற்காக மூன்று நாள் கடைக்காரரோடு வாதாடினார். நாலாம் நாள் அந்த மனிசன் பெயின்ற் வாங்கிவந்து ஒற்றைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார்.

அப்படிப்பட்ட மாமிக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாய்ப் போயின. கிழமைக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், நாலு மணித்தியாலம் படுத்திருந்து, இரத்தம் கழுவிக்கொண்டு வருவார். மற்ற நாட்களில் பள்ளிக்கூடம் போவார். குடிக்கிற தண்ணீருக்கு அளவு உண்டு. அப்பா ஒரு போத்தலில் கோடு கீறிக் கொடுத்திருந்தார். எவ்வளவு வெய்யில் எறித்தாலும் அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு சொட்டும் கிடையாது.

ஏன் மாமிக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா இறைப்பு மெசின் திருத்துகிறவர். தோட்டக்காரர்கள் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போன மெசின்கள் எங்கள் முற்றம் முழுக்கக் கிடக்கும். உலகத்தில் எதையும் தண்ணீர் இறைப்பதைக் கொண்டுதான் அவருக்கு விளக்கத் தெரியும்.

“உடம்புக்குள்ளை ரெண்டு மெசின் கிடக்கு பிள்ளை. அழுக்குத் தண்ணியை இழுத்து வெளியிலை விடும். மாமியின்ரை ரெண்டும் இறுகிப்போச்சு. இனித் தண்ணி விட்டால் உள்ளுக்கை நிண்டுடும்.”

“பிழை!” என்று மாமியின் ஜன்னலில் இருந்து சத்தம் வந்தது. “இறைக்கிற மெசின் எண்டால் அது இதயம். சிறுநீரகம் மெசின் இல்லை. பிள்ளைக்குப் பிழையாப் படிப்பிக்காதையுங்கோ அண்ணை!”

என்னைக் கூப்பிட்டுக் கட்டிலில் இருத்தினார்.

“கொம்மா அலுமாரி அடுக்கிறதைப் பாத்திருக்கிறியே?”

பார்த்திருக்கிறேன். அம்மா அலுமாரியில் இருக்கிற அத்தனையையும் இழுத்துக் கட்டிலில் கொட்டுவார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து விரித்துப் பார்த்து, வேண்டியதை மடித்து உள்ளே வைப்பார். கடைசியில் கட்டிலில் ஒரு சின்னக் குவியல் மிஞ்சும். அது அடுப்படித் துணிக்குப் போய்விடும்.

“அதுதான் சிறுநீரகத்தின்ரை வேலை. அழுக்கை மட்டும் தேடிப் பிடிக்கிறேல்லை. இரத்தத்திலை இருக்கிற தண்ணி, உப்பு, சீனி எல்லாத்தையும் முதல் வெளியிலை கொட்டும். பேந்து உடம்புக்கு வேண்டியதைப் பாத்துப் பாத்துத் திருப்பி எடுக்கும். ஒரு நாளைக்கு ஒரு பெரிய தண்ணிப் பரல் நிறையக் கொட்டினாலும் கடைசியிலை ரெண்டு போத்தலைத்தான் வெளியிலை விடும். அதுதான் சலம்.”

“உங்கடை என்ன செய்யுது மாமி?”

“என்ரை ரெண்டும் கொட்டுறதும் இல்லை, அடுக்கிறதும் இல்லை. ஓய்வூதியம் எடுத்துப்போட்டுது” என்று சொல்லிச் சிரித்தார்.

மாமியின் நோய் ஊருக்குத் தெரியவந்ததும் இளநீர் வரத் தொடங்கியது. சிறுநீரகத்துக்கு இளநீர்தான் மருந்து என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் பிறக்கும்போதே தெரியும். ஆளுக்கு ஒரு குலையோடு வருவார்கள். மாமி ஒவ்வொருவரையும் இருத்தி, இளநீரில் பொட்டாசியம் இருக்கிறது, பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது, கூடினால் இதயம் நின்றுவிடும் என்று வகுப்பு எடுப்பார். வந்தவர்கள் வாயைத் திறந்தபடி முழுவதையும் கேட்பார்கள். கேட்டு முடித்து, “அது சரி ரீச்சர், உது சும்மா தண்ணிதானே, ஒரு வாய் குடியுங்கோவன்” என்பார்கள். ஒரு மாதத்தில் மாமிக்கே அலுத்துப்போனது. வாங்கி வைத்துவிட்டு, அவர்கள் போனதும் என்னைக் கூப்பிடுவார்.

ஆகவே மாமியின் நோய்க்கான மருந்தை எல்லாம் நான்தான் குடித்தேன். சனி ஞாயிறுகளில் நாலு, ஐந்து என்று போகும். பிறகு வளவின் பின்பக்கம் இருந்த கக்கூசுக்கும் வீட்டுக்கும் ஓட்டம்தான். போகிற வழி மாமியின் ஜன்னலைத் தாண்டித்தான் போகும்.

“எத்தினையாம் தரம்?” என்று ஜன்னலுக்குள் இருந்து கேட்பார்.

“ஆறு மாமி.”

“கெட்டிக்காரி. அலுமாரி வடிவா அடுக்குப்படுது.”

கணக்குக்குக்கூட என்னைக் கெட்டிக்காரி என்று சொல்லாத மாமி இதற்குப் போய் ஏன் சொல்கிறார் என்று விளங்கவில்லை. அந்தப் பாதை மாமிக்குத் தேவைப்பட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன என்பதும் எனக்குத் தெரியாது. ஏழாம் தரமும் எட்டாம் தரமும் கொஞ்சம் பெருமையாகவே நடந்து போனேன்.

என் கண்டுபிடிப்பு இந்த ஓட்டங்களுக்கு நடுவில்தான் நிகழ்ந்தது. அது ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனை வருடம். சிறுகுடல் என்று ஒன்று இருந்தால் பெருங்குடல் என்று ஒன்று இருந்தது. சிறுபோகம் என்றால் பெரும்போகம் இருந்தது. வீட்டிலேயே சின்னம்மாவுக்குப் பெரியம்மா இருந்தார். தமிழில் சிறியது ஒன்று தனியாக வந்து நான் கண்டதில்லை. அப்படியானால் சிறுநீரகத்தின் மற்றது எங்கே? எல்லோரும் வாய் ஓயாமல் “ரெண்டு இருக்கு, ரெண்டு இருக்கு” என்று சொன்னதும் எனக்கு எல்லாம் வெளித்துவிட்டது. ஒன்று சிறுநீரகம், மற்றது பெருநீரகம்.

பெரிய ஆள் ஒருவரிடம் உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது என்று அப்பாவிடம் போனேன். அவர் ஒரு மெசினுக்குக் கீழே தலையைக் கொடுத்து, வாயில் ஆணிக்குப் பூட்டுகிற சுரை ஒன்றைக் கவ்விக்கொண்டு கிடந்தார்.

“அப்பா, பெருநீரகம் எங்கை இருக்கு?”

“ம்ம். முதுகுப் பக்கம்” என்றார்.

அத்தோடு ஆராய்ச்சி முடிந்தது.

அந்த நாட்களில்தான் அப்பா ஒருவருக்கும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதனைகளை எல்லாம் செய்து முடித்திருந்தார். அம்மாவுக்கே கடைசியில்தான் சொன்னார். ஒரு நாள் பின்னேரம் மாமியின் வாசலில் நின்று, மெசினுக்குப் பாகம் கிடைத்துவிட்டது என்று தோட்டக்காரருக்குச் சொல்கிற அதே குரலில், “எல்லாம் பொருந்துதாம். என்னிலை ஒண்டை எடுத்து உனக்கு வைக்கலாமாம்” என்றார்.

மாமி எழுந்து கதவைப் பாதி சாத்தினார்.

“வேண்டாம் அண்ணை. இந்தப் பிள்ளைக்கு ஒரு தகப்பன்தான் இருக்கு. அதிலை எனக்குப் பங்கு வேண்டாம்.”

“விசர்க் கதை கதையாதை.”

“நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறனான். எனக்குத் தெரியும் என்ன கதைக்கிறன் எண்டு.”

அதற்குப் பிறகு பதினொரு நாள் அண்ணனும் தங்கையும் நேரே பேசவில்லை. இரத்தம் கழுவுவது இனிக் கனகாலம் தாங்காது, கையில் ஊசி ஏற்ற நல்ல நரம்பு இல்லை என்று டொக்டர் சொல்லியிருந்தார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் எனக்கு முன்னாலேயே இதைப் பேசினார்கள். மாமி செத்துப்போகலாம் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் நான்தான் இரண்டு பேருக்கும் நடுவில் செய்தி கொண்டுபோகிற ஆள் என்பதால் பயத்தைக் காட்ட நேரம் கிடைக்கவில்லை.

“மாமியிட்டைச் சொல்லு, பொருந்தின சாமானைச் சும்மா போட்டு வைக்கிறது மடைத்தனமெண்டு.”

கிணற்றைச் சுற்றிக்கொண்டு போய்ச் சொல்வேன்.

“உன்ரை கொப்பரிட்டைச் சொல்லு, அவரின்ரை சாமானை அவரே வைச்சிருக்கட்டாம்.”

திரும்பி வந்து சொல்வேன்.

“சொல்லு, என்னைச் சீதனம் குடுக்கத்தான் அவள் விடேல்லை. இதையாவது வாங்கச் சொல்லு.”

“சொல்லு, சீதனம் வாங்கிறதும் குடுக்கிறதும் சட்டப்படி குற்றமெண்டு.”

“எந்தச் சட்டம் எண்டு கேள்!”

நான் ஒரு சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. அம்மா மட்டும் எந்தச் செய்தியும் அனுப்பவில்லை. மாமிக்குச் சமைக்கிற உப்பில்லாத கறியில் ஒரு நாள் உப்பைப் போட்டார், எங்கள் கறியில் போடாமல் விட்டார். அவ்வளவுதான்.

பத்தாம் நாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கீரிமலைச் சிவன் கோயிலுக்குப் போனார். புறப்படுவதற்கு முன்னால் யாரோ கொண்டுவந்த மூன்று செவ்விளநீரை நான் குடித்திருந்தேன். காங்கேசன்துறை வீதியில் பஸ் மருதனார்மடம் தாண்டும்போதே கதை கந்தலாகத் தொடங்கிவிட்டது. அம்மா எழுந்து போய் நடத்துனரின் காதில் ஏதோ சொன்னார். அவர் பஸ் முழுக்கக் கேட்கும்படி, “அண்ணை, ஒருக்கா நிப்பாட்டுங்கோ, பிள்ளைக்குச் சலம் வருதாம்!” என்று சாரதிக்கு அறிவித்தார். பிறகு தெல்லிப்பழையில் இன்னும் ஒரு தரம் நிற்பாட்டினார்கள். அதற்குப் பிறகு நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

கோயிலில் அம்மா சந்நிதியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் மூன்று தரம் வெளியே போய்வந்தேன். மூன்றாம் தரம் வந்தபோதும் அம்மா அதே இடத்தில் அப்படியே நின்றார். மாமிக்காக இவ்வளவு நேரம் கும்பிடுகிறாரே என்று எனக்கு அம்மாவில் ஒரு மதிப்பு வந்தது.

பதினோராம் நாள் அப்பா வேறு மாதிரிச் செய்தி அனுப்பினார். அன்று குரலில் கோபம் இல்லை. “மாமியிட்டைச் சொல்லு, ரெண்டு கிடக்கு, ஒண்டைத்தான் தாறன் எண்டு. அப்பா கெஞ்சிக் கேட்டவர் எண்டும் சொல்லு.”

மாமி கட்டிலில் சாய்ந்திருந்து மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. நான் செய்தியைச் சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை. கெஞ்சினார் என்பதையும் சொன்னேன். பேனை மட்டும் கொஞ்சம் மெதுவாக ஓடியது. அப்போதுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு செய்தியில் என் சொந்தச் சரக்கைச் சேர்த்தேன்.

“நீங்கள் என்னத்துக்குப் பயப்பிடுறியள் மாமி? அப்பா சிறுநீரகத்தைத்தானே தாறார். பெருநீரகம் அவரிட்டைத்தானே இருக்கப்போகுது.”

சிவப்புப் பேனை நின்றது.

“என்னது?”

“பெருநீரகம்.”

“ஆர் உனக்குச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. நானாத்தான் கண்டுபிடிச்சனான். அப்பாவும் ஓமெண்டவர்.” சிறுகுடல், சிறுபோகம், சின்னம்மா எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துச் சொன்னேன். கடைசியாக, “சின்னனைத் தந்தால் அவருக்கு ஒண்டும் நடக்காது. பெரிசு ஒண்டே போதும், காணும்” என்று முடித்தேன்.

மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘பிழை’ என்று இப்போது வரும் என்று நானும் காத்துக்கொண்டிருந்தேன். அவர் பேனையை மூடினார். பிறகு தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரிப்பு. மூச்சு வாங்க வாங்க, கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தார். அந்த அளவுத் தண்ணீர் அவருக்கு அனுமதி உண்டா என்று எனக்குக் கவலை வந்தது.

“அண்ணை!” என்று கத்தினார். “அண்ணை, ஓடி வாங்கோ!”

மாமிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அப்பா கிறீஸ் கையோடு ஓடிவந்தார். பின்னால் அம்மா, கையில் சொதி அகப்பையோடு.

“உங்கடை மகள் சொல்லுறாள், உங்களிட்டைப் பெருநீரகம் எண்டு ஒண்டும் இருக்காம்.”

அப்பா என்னைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். பதினொரு நாளுக்குப் பிறகு தங்கை தன்னோடு நேரே பேசியிருக்கிறாள் என்பது அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதற்குப் பிறகு முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், “ஓம், கிடக்கு. உனக்கு ஆர் அதைத் தாறன் எண்டது? நீ சின்னனை எடு” என்றார்.

மாமி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். கனநேரம் துடைத்தார்.

“சரி” என்றார். “சின்னனைத் தாங்கோ. பெரிசிலை ஆரும் கை வைச்சால் நான் கட்டிலாலை இறங்கிப் போயிடுவன்.”

அம்மா சிரிக்கவில்லை. அகப்பையில் இருந்து சொதி நிலத்தில் சொட்டிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவும் இல்லை.

இரண்டு மாதத்துக்குப் பிறகு கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நடந்தது. வைத்த அன்றே மாமிக்குச் சலம் போனதாம். அந்தச் செய்தி தொலைபேசியில் வந்தபோது எங்கள் ஒழுங்கையில் இருந்த அத்தனை வீடும் அதைக் கொண்டாடின. ஒரு மனிசிக்குச் சலம் போனதற்கு அயலில் சர்க்கரைப் பொங்கல் பொங்கியதை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

இரண்டு பேரும் உயிரோடு திரும்பி வந்தார்கள். மாமியின் பழைய சிறுநீரகங்களை எடுக்கவில்லை, புதியதை முன்வயிற்றில் தனியாக வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அப்பா கணக்குப் பார்த்தார். “மொத்தம் நாலு இருந்தது. தங்கச்சிக்கு மூண்டு, எனக்கு ஒண்டு. எங்கடை அப்பர் இருந்திருந்தாலும் இப்பிடித்தான் பிரிச்சிருப்பார்.”

ஒரு வருடம் கழித்து அப்பாவை ஸ்கான் செய்து பார்த்த டொக்டர், மிஞ்சியிருக்கிற சிறுநீரகம் இரண்டின் வேலையையும் தனியே செய்வதால் முன்னையைவிடப் பெருத்திருக்கிறது, அப்படித்தான் நடக்கும், நல்லது என்று சொல்லி அனுப்பினார். அப்பா வந்து சொன்னதும் நான் மாமியின் ஜன்னலுக்கு ஓடினேன். “நான் அப்பவே சொன்னனான்!” மாமி சிவப்புப் பேனையை எடுத்தார், திரும்ப வைத்தார். அவர் திருத்த வழியில்லாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் விஞ்ஞான ரீச்சர் எழுப்பிக் கேட்டபோது, மனிதனுக்கு ஒரு சிறுநீரகமும் ஒரு பெருநீரகமும் உண்டு என்று முழு வகுப்புக்கும் கேட்கச் சொன்னேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கு விருப்பமில்லை. அன்று பின்னேரம் சைக்கிளைப் போட்ட போக்கில் மாமியிடம் போய்ச் சண்டை பிடித்தேன். ஊரில் எல்லாரையும் திருத்தினீர்களே, என்னை மட்டும் ஏன் திருத்தவில்லை என்று அழுதேன்.

“ஓம், பிழைதான்” என்றார் மாமி. “தெரிஞ்சுகொண்டுதான் விட்டனான். அது பிழை எண்டு சொன்னால், பேந்து நான் அண்ணையிட்டை வேண்டாமெண்டும் சொல்ல வேண்டி வந்திருக்கும். எனக்கு இருக்க ஆசையாக் கிடந்தது பிள்ளை.”

பிறகு, “கொம்மாவும் விட்டவதானே. அவவைப் போய்க் கேள். உயர்தரத்திலை நாங்கள் ரெண்டு பேரும் ஒரே வாங்கிலை இருந்து படிச்சனாங்கள். உயிரியலிலை எப்பவும் என்னைவிட அவவுக்குத்தான் கூடப் புள்ளி” என்றார்.

நான் போய்க் கேட்கவில்லை. கேட்க முடியவில்லை. மாமி சம்மதித்த நாளில் இருந்து சத்திரசிகிச்சை வரைக்கும், விளக்கு வைத்த பிறகு எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிடும்போதெல்லாம் அம்மா ஒரே கேள்விகளையே என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். “அப்பா மாமிக்கு எதைக் குடுக்கிறார்?” சிறுநீரகத்தை. “அவரிட்டை எது மிச்சம் இருக்கும்?” பெருநீரகம். “அது காணுமே?” காணும் அம்மா. அடுத்த நாளும் கேட்பார். எத்தனை தரம் சொன்னாலும் மறந்துபோகிறாரே, அம்மாவுக்கு விஞ்ஞானம் ஏறாது என்று முடிவு செய்துகொண்டு, மக்குப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

சத்திரசிகிச்சை நடந்த அன்று நான் பக்கத்து வீட்டில் நின்றேன். மத்தியானம் அம்மா கொழும்பில் இருந்து தொலைபேசி எடுத்தார். அப்பாவை உள்ளே கொண்டுபோய் மூன்று மணித்தியாலம் ஆகிவிட்டது, இன்னும் ஒருவரும் வந்து ஒன்றும் சொல்லவில்லை என்றார். சாப்பிட்டாயா என்று கேட்டார்.

“அப்பாட்டை எது மிச்சம் இருக்கும் எண்டு ஒருக்காச் சொல்லு பிள்ளை.”

“எத்தினை தரம் அம்மா சொல்லுறது? உங்களுக்கு இது மண்டையிலை ஏறாதோ?”

“ஏறுதில்லை. நீ சொல்லு.”

நான் சொன்னேன். தொலைக்காட்சியில் படம் தொடங்கிவிட்டதால் கொஞ்சம் அவசரமாகத்தான் சொன்னேன்.